ஏசியின் கொன்டாக்டரை 25 ஆம்பியரிலிருந்து 40 ஆம்பியருக்கு மாற்றினால் பிரயோசனம் உண்டா?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறார். ஹோலில் 24000 பிடியு ஏசி, இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை. பார்க்க வந்த ஏசி பாஸ் (திருத்துபவர்), வெளி யூனிட்டில் இருக்கும் கொன்டாக்டர் (கொம்பிரசருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் காந்தச் சுவிட்ச்) எரிந்துவிட்டது, 25 ஆம்பியருக்குப் பதிலாக 40 ஆம்பியர் போட்டுவிட்டால் இனிப் பிரச்சினையே வராது என்று சொல்லியிருக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு வீடியோ அனுப்பி, இதற்கெல்லாம் ஆள் தேவையில்லை, நீயே மாற்று என்கிறார். 40 போட்டால் கரண்ட் பில் கூடுமா, குறையுமா, தானே மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

கொழும்பில் ஏசி வேலை செய்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 40 போடலாம், அதனால் கெடுதல் இல்லை. பில் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. கொம்பிரசர் தனக்கு வேண்டிய கரண்டைத்தான் இழுக்கும். நடுவில் இருக்கும் சுவிட்ச் பெரிது என்பதற்காக அது கூடுதலாக இழுக்கப் போவதில்லை. ஆனால் பழையது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் பெரியதைப் போட்டால், பெரியதும் எரியும். கொஞ்சம் பிந்தி எரியும், அவ்வளவுதான்.

முதலில், உங்கள் ஏசியில் கொன்டாக்டர் இருக்கிறதா என்பதையே உறுதி செய்துகொள்ளுங்கள். 9000, 12000 பிடியு சுவர் ஏசிகளில் பெரும்பாலும் தனிக் கொன்டாக்டர் இருக்காது. உள் யூனிட் போர்டில் உள்ள ரிலேதான் கொம்பிரசரைப் போட்டு நிறுத்தும். இன்வெர்ட்டர் ஏசியில் கொம்பிரசரை ஓட்டுவது வெளி யூனிட்டின் எலக்ட்ரோனிக் போர்ட். அங்கே ‘கொன்டாக்டர் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால், எதைச் சொல்கிறீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். 24000, 36000 என்று போகும் பழைய வகைகளிலும், சீலிங் கசெட், தரையில் நிற்கும் பெரிய ஏசிகளிலும்தான் கொன்டாக்டர் வெளி யூனிட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். உங்களுடையது அந்த ரகம் என்பதால் பாஸ் சொன்னது பொய்யாக இருக்காது.

அது செய்யும் வேலை சிறியது. உள் போர்டிலிருந்து ஒரு சிறு கரண்ட் வந்து கொயிலை, அதாவது உள்ளிருக்கும் கம்பிச் சுருளை, காந்தமாக்கும். காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அதோடு சேர்ந்த வெள்ளிப் பொயின்ட்கள் போய் ஒட்டும். கொம்பிரசருக்குக் கரண்ட் போகும். கொயில் கரண்ட் நின்றதும் ஸ்பிரிங் தள்ளிவிடும். இந்தப் போய் ஒட்டுகிற, விலகுகிற இரண்டு கணங்களில்தான் அதன் ஆயுள் தேய்கிறது. சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் பெரிய தேய்மானம் இல்லை.

இனி ஆம்பியர் கதை. 24000 பிடியு பழைய வகை ஏசி ஓடும்போது சுமார் 10, 12 ஆம்பியர்தான் இழுக்கும். அப்படியானால் 25 ஆம்பியர் கொன்டாக்டர் தாராளம் அல்லவா? ஓடும்போது தாராளம்தான். தொடங்கும் கணத்தில் கொம்பிரசர் அதைப் போல ஐந்தாறு மடங்கு, அதாவது 50, 60 ஆம்பியர் இழுக்கும். இந்த அடியைத் தாங்குவதற்கென்று செய்த கொன்டாக்டரும், ஹீட்டர், லைட் போன்ற சாது லோடுக்குச் செய்ததும் வேறு. கொன்டாக்டரின் பக்கத்தைப் பார்த்தால் ஏசி-1, ஏசி-3 என்று எழுதியிருக்கும். இந்த ஏசி குளிரூட்டி அல்ல, ஆடலோட்ட மின்சாரம். ஏசி-1 ஹீட்டர் மாதிரி லோடுக்கு, ஏசி-3 மோட்டருக்கு. ஒரே சாமானிலேயே ஏசி-1 என்ற இடத்தில் 40, ஏசி-3 என்ற இடத்தில் 25 என்று இருப்பது சர்வசாதாரணம். கடையில் ‘இது 40 ஆம்பியர் சேர்’ என்று கொடுப்பதும் வீட்டில் எரிந்துபோன ‘25 ஆம்பியர்’ கொன்டாக்டரும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஐஈசி 60947-4-1 என்ற சர்வதேசத் தரத்தில் கொம்பிரசர்களுக்கென்றே ஏசி-8 என்று தனி வகையும் இருக்கிறது. அது எழுதியிருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ஏசி-3 வரியை மட்டும் பாருங்கள். உங்கள் யூனிட்டுக்கு அது 25 இருந்தால் போதும், 32 இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போவது காசுக்குப் பிடித்த கேடு. இன்னொன்று, பெரிய கொன்டாக்டர் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அமராமல், மூடியை நெரித்து மூடும் நிலையும் வரும்.

அண்ணா அனுப்பிய வீடியோவைப் பற்றி. கனடாவில் பெரும்பாலும் முழு வீட்டுக்கும் ஒரே பெரிய ஏசி. அதன் வெளி யூனிட்டில் இருக்கும் கொன்டாக்டரின் கொயில் 24 வோல்ட். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் அதே 24 வோல்ட்டில்தான் வேலை செய்கிறது. நம்மூர்ப் பிளவு ஏசிகளில் கொயிலுக்கு வருவது பெரும்பாலும் நேரே 230 வோல்ட். அங்கிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த 24 வோல்ட் கொன்டாக்டரை இங்கே மாட்டினால் கொயில் உடனே புகைந்துவிடும். மறுபக்கம், 230 வோல்ட் கொயிலுக்கு 24 வோல்ட் கொடுத்தால் அது அசையவே அசையாது. ஆகவே வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டிய முதல் எண் ஆம்பியர் அல்ல, ஏ1, ஏ2 என்று போட்ட திருகுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கொயில் வோல்ட்டேஜ். அதோடு 50 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே 60, இங்கே 50. 60 மட்டும் எழுதிய கொயில் இங்கே கூடச் சூடாகும்.

சரி, பழையது ஏன் எரிந்தது? இதைத்தான் பாஸிடம் முதலில் கேட்டிருக்கவேண்டும்.

மெரைன் டிரைவ் பக்கம் நாலாம் மாடியில் இதே அளவு ஏசி ஒன்று. வீட்டுக்கார அன்ரி தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, ரிமோட்டில நிப்பாட்டிப்போட்டன், ஆனா வெளியில ஓடுற சத்தம் நிக்குதில்லை. உள்ளுக்கும் தண்ணி வடியுது.” நான் சொன்னேன்: “அன்ரி, முதல்ல மெயின் போர்ட்டில ஏசி பிரேக்கரைக் கீழ தள்ளுங்கோ. நான் வாறன்.” இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் கதை தெரிந்ததுதான். கொன்டாக்டரின் பொயின்ட்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டன. உள் விசிறி நின்றாலும் கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஐஸ் கட்டும், பிறகு அது உருகி வடியும். இந்த நிலையில் ரிமோட் வெறும் விளையாட்டுச் சாமான்.

போய் வெளி யூனிட்டின் பக்க மூடியைக் கழற்றினால், திருகுகள் கடல் காற்றில் செம்பொடியாக உதிர்ந்தன. உள்ளே கொன்டாக்டரின் இரண்டு போல்களுக்கும் (ஒவ்வொரு போலும் ஒரு லைனை வெட்டும்) குறுக்கே ஒரு பல்லி, காய்ந்து அப்பளமாகக் கிடந்தது. அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, “ஓ, இந்தச் சனியன்தானே காரணம்” என்றார். பல்லி மேல் பழியைப் போட்டுப் புதியதை மாட்டி, காசை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கொம்பிரசருக்குப் போகும் வயரைப் பார்த்தால், திருகிலிருந்து இரண்டு விரல்கடை தூரத்துக்கு அதன் உறை பழுப்பாகி, ஈர்க்குக்குச்சி மாதிரி விறைத்திருந்தது. ஸ்குரூட்ரைவரை வைத்தால் திருகு எந்த அழுத்தமும் இல்லாமல் அரைச் சுற்றுச் சுற்றியது. அதுதான் உண்மையான காரணம். லூசாக இருந்த திருகு சூடேறி, அந்தச் சூடு உள்ளே போய், ஸ்பிரிங்கை இளக வைத்து, பொயின்ட்கள் பலமாக அழுத்தாமல் பொறி பறந்து, கடைசியில் ஒட்டிவிட்டன. பல்லி குளிருக்கு இதமாக வந்து படுத்திருந்த அப்பாவி.

லூஸ் திருகு எவ்வளவு சூடாக்கும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அந்த இணைப்பில் 1 வோல்ட் மட்டும் விழுகிறது என்று வையுங்கள். 12 ஆம்பியர் ஓடினால் 12 வாட் சூடு. சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் 12 வாட், மணிக்கணக்காக. வயரின் உறை கருகாமல் வேறென்ன செய்யும்?

எல்லா இடத்திலும் பல்லி அப்பாவி என்று சொல்ல வரவில்லை. பல்லியும் எறும்பும் கொன்டாக்டரைக் கெடுப்பது உண்மைதான். எறும்புகள் பொயின்ட்களுக்கு நடுவில் நசிந்து கரியாகி, பொயின்ட்கள் ஒட்டாமல் செய்துவிடும். அடிபட்ட எறும்பு விடும் வாடைக்கு மற்றவையும் வந்து குவியும். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்கு ஒரு நாட்டை நிறுத்தலாம் என்றால் பல்லி ஓர் ஏசியை நிறுத்துவதில் என்ன அதிசயம்!

இன்னொரு காரணம், வோல்ட்டேஜ். வீட்டுக்காரர் யாரும் இதை நினைப்பதில்லை, பல வேலைக்காரர்களும் பார்ப்பதில்லை. கொயில் தன் வோல்ட்டேஜில் 85 வீதம் கிடைத்தால் சரியாக இழுக்கவேண்டும் என்பது தரம். 230இல் 85 வீதம் சுமார் 195. இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது சட்டப்படியே 216 வரை இறங்கலாம். இனி உங்கள் வீட்டு வயர். மெயின் போர்ட்டிலிருந்து வெளி யூனிட்டுக்கு 20 மீற்றர், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்று வைத்துக்கொண்டால், போக வர 40 மீற்றருக்கு ஏறக்குறைய 0.3 ஓம். கொம்பிரசர் தொடங்கும்போது 55 ஆம்பியர் என்றால், வயரிலேயே 16 வோல்ட் போய்விடுகிறது. 216இல் 16 போனால் 200. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் விழுவதையும் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிட்டோம்.

காந்தம் இரும்பை முழுதாக இழுத்து அமர்த்துவதற்குச் சற்று முன்பே பொயின்ட்கள் தொட்டுவிடும். தொட்டதும் 55 ஆம்பியர் பாயும். பாய்ந்ததும் வோல்ட்டேஜ் விழும். காந்தத்தின் பிடி தளர்ந்து இரும்பு பின்வாங்கும், பொயின்ட்கள் விலகும், வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். வெளியில் நின்று கேட்டால் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஒவ்வொரு துடிப்பிலும் பொயின்ட் உருகுகிறது. இந்த வீட்டில் 40 அல்ல, 60 ஆம்பியர் கொன்டாக்டர் போட்டாலும் அதே துடிப்புதான். வயரை 4 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினால் அந்த 16 வோல்ட் 10 ஆகக் குறைந்துவிடும். உங்கள் தொடர்மாடி பழையதாக இருந்து, ஏசி பிறகு பூட்டியது என்றால், வயரை மாற்றுவதுதான் உண்மையான மேம்படுத்தல். பாஸ்மாருக்கு அது பிடிக்காது, ட்ரங்கிங் (வயர் ஓடும் பிளாஸ்டிக் குழல்) கழற்றி நாள் முழுக்க மினக்கெடவேண்டும்.

கரண்ட் நின்று வரும்போதும் இதே தொல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் ஞாபகம் இருக்கும். கரண்ட் வந்த கணத்தில் தொடர்மாடியின் அத்தனை ஏசியும், ஃபிரிட்ஜும், தண்ணீர் மோட்டரும் ஒன்றாக இழுக்கும். அப்போது வோல்ட்டேஜ் தள்ளாடாமல் இருக்குமா? கொயில் லைனில் மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதிக்கும் டைமர் ஒன்றைப் போட்டால், அந்தத் தள்ளாட்டம் அடங்கிய பிறகு ஏசி தொடங்கும். நிறுத்திய உடனே மறுபடி தொடங்கினால் கொம்பிரசர் காஸ் அழுத்தத்தில் திணறும், அதற்கும் இது காவல். பல ஏசிகளின் போர்ட்டிலேயே மூன்று நிமிடத் தாமதம் இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பிரேக்கரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வோல்ட்டேஜ் இறங்கினால் வெட்டிவிடும் ஏசி கார்ட் வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றில் முடியும். ஆனால் அதன் அளவு தொடக்கக் கரண்டைத் தாங்கவேண்டும், ஃபிரிட்ஜுக்கு விற்பதைக் கொண்டுவந்து இதற்கு மாட்டாதீர்கள்.

அப்படியானால் கொன்டாக்டரிலேயே மேம்படுத்தல் என்று ஒன்றும் இல்லையா? இரண்டு விஷயம் உண்டு.

ஒன்று, இரண்டு போல். பழைய கொன்டாக்டர் ஒரு லைனை மட்டும் வெட்டுகிற வகையாக இருந்தால், இரண்டையும் வெட்டுகிறதாக மாற்றுவது நல்லது. பேஸும் (உயிருள்ள லைன்) நியூட்ரலும் (திரும்பும் லைன்) இடம் மாறிப் பூட்டியிருக்கும் வீடுகள் கொழும்பில் குறைவில்லை. அந்த வீட்டில் ஒற்றைப் போல் வெட்டுவது நியூட்ரலைத்தான். ஏசி நின்றிருக்கும் போதும் கொம்பிரசர் முனையில் 230 உயிரோடு இருக்கும். இங்கே கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று போல். பேஸ் ஒன்றில், நியூட்ரல் ஒன்றில், மூன்றாவதை வெறுமையாக விடுங்கள். சிலர் இரண்டு போல்களைப் பக்கத்துக்குப் பக்கம் இணைத்து ‘டபுள் ஆம்பியர்’ என்பார்கள். பொயின்ட்கள் ஒரே கணத்தில் தொடுவதில்லை, முந்தித் தொடுகிறதுதான் முழு அடியையும் வாங்கும். ஆகவே அதில் லாபம் இல்லை.

மற்றது, மூடிய வகை. திறந்த கொன்டாக்டர்களில் பொயின்ட் கண்ணுக்குத் தெரியும், பல்லிக்கும் தெரியும். கடற்கரையிலிருந்து இரண்டு தெருவுக்குள் இருப்பவர்கள் மூடிய உடம்பு உள்ளதையே வாங்கவேண்டும். உப்புக்காற்று காந்தத்தின் முகத்தில் துருவை ஏற்றினால் முகங்கள் சரியாகப் பொருந்தாமல் ‘ஹூம்’ என்று இரையும், கொயில் சூடாகும். அதோடு வெளி யூனிட்டில் வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கன் போட்டு அடைத்துவிடுங்கள். மலிவான வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

சத்தமே போடாத எலக்ட்ரோனிக் ரிலே போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வீட்டு ஏசிக்கு நான் போடமாட்டேன். ஓடும்போது அதுவே பத்துப் பன்னிரண்டு வாட் சூடாகும், சூட்டை இறக்க அலுமினியத் துண்டு வேண்டும், வெளி யூனிட்டுக்குள் ஏற்கெனவே அனல். அது பழுதானால் பெரும்பாலும் ஓடும் நிலையிலேயே பழுதாகும். அன்ரி வீட்டுக் கதை மறுபடி.

வாங்குவது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் என்றால், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் பெற்ற பிராண்டுகளின் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. நடுவில் இருக்கும் கட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள்: ஒரே சீராக உள்ளே போய், விட்டதும் துள்ளி வரவேண்டும். திருகுகள் தலை மழுங்காமல் இறுகவேண்டும். தூக்கினால் ஒரு கனம் இருக்கவேண்டும், காந்த இரும்பைக் குறைத்த போலி கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். பழைய பொயின்ட்டை எமரி தாளால் தேய்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேய்த்தால் போவது வெள்ளி.

கடைசியாக, நீங்களே மாற்றலாமா? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாது என்றால் வேண்டாம், அதுவும் நாலாம் மாடியில் வெளி யூனிட் சுவருக்கு வெளியே தொங்குகிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை. தெரியும் என்றால்: பிரேக்கரையும் வெளி யூனிட்டுக்குப் பக்கத்து ஐசொலேட்டரையும் (ஏசிக்கான தனி மெயின் சுவிட்ச்) நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் வெட்டுவது) இருக்கிறதுதானே என்ற தைரியம் உதவாது; பேஸிலிருந்து நியூட்ரலுக்கு உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. வயர்களில் கரண்ட் இல்லை என்பதை மீட்டரில் பாருங்கள், டெஸ்டர் பல்ப்பை மட்டும் நம்பவேண்டாம். பக்கத்தில் இருக்கும் கப்பாசிட்டர் கரண்டைத் தேக்கி வைப்பது, கரண்ட் நின்ற பிறகும் அடிக்கும். ஸ்குரூட்ரைவரால் ‘டப்’ என்று தட்டுவது வேலைக்காரர் பழக்கம், கப்பாசிட்டருக்கு அது கூடாது. 10, 20 கிலோ ஓம் அளவில் ஐந்து வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி வைத்தால் அடங்கிவிடும். வயர்களைப் படம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். கருகிய முனையை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும் இடத்தில் புது லக் (வயர் முனைக்கான உலோகத் துண்டு) போட்டு நசுக்குங்கள். கருகிய முனையை அப்படியே மாட்டுவதற்குப் புதுக் கொன்டாக்டர் வாங்கத் தேவையில்லை.

பாஸ்தான் மாற்றுகிறார் என்றால் பக்கத்தில் நின்று, அந்த வயர் முனையை வெட்டுகிறாரா என்று மட்டும் பாருங்கள். முடிந்ததும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஓடும் கரண்டைக் காட்டச் சொல்லுங்கள். யூனிட்டின் லேபிளில் எழுதிய ஆம்பியருக்கு மேலே நின்றால், வெளி யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் குழாய்க் கொயிலில் (கொன்டாக்டர் கொயில் அல்ல) அடைந்திருக்கும் அழுக்கு, காஸ், கப்பாசிட்டர் என்று தேடவேண்டும். லேபிளுக்குள் இருந்தால் அவருக்குக் காசைக் கொடுத்து அனுப்பலாம்.